குளித்த தண்ணீருக்கு ஒரு சல்லிப் பாத்தி

யாழ்ப்பாணத்தில் கழிவுநீரைப் பற்றிப் பேசுவதென்றால் முதலில் காலடி நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். மேலே கொஞ்சம் மண், பல வளவுகளில் இரண்டு மூன்று அடிதான். அதற்குக் கீழே சுண்ணக்கல். மழைத்தண்ணீர் காலங்காலமாகக் கரைத்ததால் அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்துமாக இருக்கிறது. தடித்த மணலுக்குள்ளால் இறங்கும் தண்ணீர் வடிபட்டுத்தான் இறங்கும். இங்கே வெடிப்பொன்று கிடைத்தால் போதும், விட்டது விட்டபடியே நிலத்தடி நீருக்குப் போய்விடும். சுன்னாகத்தில் மின்நிலையப் பக்கத்து எண்ணெய் சுற்றுவட்டக் கிணறுகளில் தெரிந்து, 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது எல்லாருக்கும் தெரிந்த விடயம். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். மலசலக் கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு தெரியாது, மணக்காது. இரண்டும் போகும் வழி ஒன்றுதான்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவதுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை நிலத்துக்குள் இறங்கி, கடலிலிருந்து வந்த உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியல் கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். ஆகவே இங்கே கழிவுநீரைக் கடலுக்குத் தள்ளிவிடுவதும் இழப்பு, அப்படியே நிலத்துக்குள் விடுவதும் கேடு. செய்யவேண்டியது, வீட்டிலிருந்து வரும் தண்ணீரை மூன்றாகப் பிரிப்பது: கூரைத் தண்ணீர், குளித்த, கழுவிய தண்ணீர், மலசலகூடத் தண்ணீர். இவை மூன்றும் ஒரே கிடங்குக்குள் விழும் வரைக்கும், தண்ணீரைச் சுத்தமாக்க எந்தச் செடியை நட்டும் பயனில்லை.

முன்பு இந்தப் பிரிப்பு தானாகவே நடந்தது. துலாவால் அள்ளிக் குளித்தார்கள். கிணற்றடித் தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழை, கமுகு, தேசி, கறிவேப்பிலை என்று போய் முடிந்தது. மோட்டர் வந்தபின் ஒரு ஆள் செலவழிக்கும் தண்ணீர் பல மடங்கு கூடியது. குளியலறை வீட்டுக்குள் வந்தபோது வாய்க்கால் அழிந்து, குழாய் நேரே கிடங்குக்குப் போனது. வளவும் இரண்டு பரப்பு, ஒரு பரப்பு (பரப்பு ஒன்று ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) என்று சுருங்கிவிட்டது. பழைய வாய்க்காலை அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது, தண்ணீர் அதற்குக் கூட. அதே வேலையைக் குறைந்த இடத்தில் செய்வதுதான் சல்லிப் பாத்தி: தண்ணீர் ஒழுகாத ஒரு தொட்டி, நிறையச் சல்லி, மேலே செடி. சல்லியிலும் வேரிலும் படரும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. செடி அவற்றுக்கு இடம் கொடுக்கிறது, மிச்சத்தில் ஒரு பகுதியைத் தானும் எடுக்கிறது.

அளவை ஆட்களின் எண்ணிக்கையால் பார்க்காமல் தண்ணீரால் பாருங்கள். ஒருநாள் குளியலுக்கும் கழுவலுக்கும் எத்தனை லீற்றர் என்பதை, மேல்தாங்கி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அதிலிருந்து மலசலகூடத்துக்குப் போவதைக் கழித்தால் அறியலாம். தண்ணீர் பாத்திக்குள் மூன்று நாளாவது நிற்க வேண்டும். 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கியூப் (100 கன அடி) சல்லி பிடிக்கும். தண்ணீர் மட்டத்தை 20 அங்குலத்தில் வைத்தால், சல்லிக்கிடையே உள்ள வெளி பத்தில் நாலு பங்கு என்று கொண்டு, ஏறத்தாழ 900 லீற்றர் நிற்கும். நாளுக்கு 300 லீற்றர் விடும் வீட்டுக்கு இது சரி. 500 லீற்றர் விடுகிற வீட்டுக்கு நீளம் 20 அடி வேண்டும். இடம் இல்லையென்றால் குளித்த தண்ணீரை நேரே மரங்களுக்கு விட்டு, குசினித் தண்ணீரையும் உடுப்புத் தோய்த்த தண்ணீரையும் மட்டும் பாத்திக்கு விடலாம். சின்னப் பாத்திக்குள் எல்லாவற்றையும் திணிப்பதைவிட அது நல்லது.

வெட்டத் தொடங்க முன் அலவாங்கால் குத்திப் பாருங்கள். நல்லூர், கொக்குவில், திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டு அடி பெரும்பாலும் வெட்டலாம். கல் முட்டினால் உடைக்க வேண்டாம். உடைத்த இடம்தான் நாளைக்கு அழுக்கு இறங்கும் வழி. மேலே சீமெந்துக் கல்லால் கட்டி உயர்த்துங்கள். அப்போது குளியலறைத் தண்ணீர் வெளியே வரும் மட்டம் பாத்தியின் தண்ணீர் மட்டத்தைவிட உயர இருக்கிறதா என்று முதலிலேயே அளக்க வேண்டும். இதை அளக்காமல் கட்டிய இடங்களில் தண்ணீர் குளியலறைக்குள்ளேயே திரும்பி நிற்கும். மட்டம் போதாவிட்டால் பாத்தியின் ஆழத்தை ஒன்றரை அடியாகக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். அடித்தளம் தண்ணீர் போகும் பக்கத்துக்கு 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிந்தால் காணும்.

சீமெந்து பூசினால் உள்ளே முழுக்கப் பூச வேண்டும். செலவு குறைக்க விரும்பினால் தடித்த கறுப்புப் பொலித்தீனை இரண்டு மடிப்பாக விரிக்கலாம். அதற்குக் கீழே இரண்டு அங்குலம் மணல் கட்டாயம். நம் மண்ணிலுள்ள சுண்ணக்கல் துண்டுகள் கத்திபோல் கூரானவை, சல்லியின் பாரம் ஏறியதும் குத்திவிடும். சல்லி போட முன்னர் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். சல்லி போட்டபின் ஓட்டை தேட முடியாது.

உள்ளே வரும் பக்கம் ஒரு அடிக்கும் வெளியே போகும் பக்கம் ஒரு அடிக்கும் கைமுட்டி அளவு கல். நடுவில் முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி. உள்ளூர்ச் சுண்ணக்கல் சல்லி மலிவுதான், ஆனால் மென்மையானது. மாவாகி இடைவெளியை அடைக்கும். கருங்கல்லையும் கழுவித்தான் போட வேண்டும். தூசியோடு கொட்டிய பாத்தி முதல் வருடமே அடைபடும். வெளியே போகும் குழாயை அடித்தளத்திலிருந்து எடுத்து, வெளியில் ஒரு முழங்கைக் குழாய்த்துண்டு பொருத்தி மேலே திருப்பிவிடுங்கள். அந்த முழங்கையின் உயரம்தான் பாத்தியின் தண்ணீர் மட்டம். அதைச் சல்லியின் மேல்மட்டத்துக்கு நாலு அங்குலம் கீழே வையுங்கள். மேலே தண்ணீர் தெரியவே கூடாது. தெரிந்தால் மணமும் நுளம்பும் வரும். டெங்கு ஒவ்வொரு மாரியிலும் வருகிற ஊரில் இந்த நாலு அங்குலத்தை விட்டுக்கொடுக்க முடியாது.

கல்வாழை எல்லாரிடமும் கிடைக்கும், அழுக்கைத் தாங்கும், பூக்கும். ஒரு அடிக்கு ஒன்றாக, கிழங்கு தண்ணீர் மட்டத்தைத் தொடும்படி சல்லிக்குள் புதைத்து நடுங்கள். இடையில் வெட்டிவேர் நடலாம். நாணலைப் பொலித்தீன் விரித்த பாத்தியில் நட வேண்டாம், அதன் வேர்த்தண்டு துளைக்கும். மரக்கறியும் கீரையும் இதற்குள் வேண்டாம். முதல் ஆறு கிழமை செடி வேர் பிடிக்கும் காலம். அதுவரை வெளியேறும் தண்ணீர் தெளியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கல்வாழை தடித்து நெருங்கியதும் மூன்றில் ஒரு பங்கை அடியோடு வெட்டி வெளியே எடுத்துக் கூட்டெருவுக்குப் போடுங்கள். வெட்டாமல் விட்டால் அது எடுத்த சத்தெல்லாம் உக்கித் திரும்பவும் பாத்திக்குள்தான் விழும்.

பழுதாகும் பாத்திகளில் பெரும்பாலானவை பழுதாவது குசினியால். தேங்காய்ப்பால் கழுவிய எண்ணெய், மீன் கழுவிய தண்ணீர், சோறு வடித்த கஞ்சி மூன்றும் சேர்ந்தால் முதல் இரண்டு அடிச் சல்லியில் சாம்பல் நிறப் பசையாகப் பிடித்துவிடும். பிறகு தண்ணீர் மேலே ஏறி வழியும். அதனால் குசினித் தண்ணீருக்கு முன்னால் ஒரு எண்ணெய்த் தொட்டி வேண்டும்: 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், நடுவில் கீழே திறந்த ஒரு தடுப்பு. வெளியேறும் குழாயின் வாய் தண்ணீருக்குள் முக்கால் அடி கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் மிதக்கும் எண்ணெய் இந்தப் பக்கமே நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மேலே உறைந்ததை அள்ளி, சாம்பலோ உமியோ கலந்து கூட்டெருக் கிடங்குக்குள் புதையுங்கள். கஞ்சியை மாட்டுக்கு வையுங்கள், அல்லது தென்னைக்கு ஊற்றுங்கள். வெளுக்கும் குளோரின் தண்ணீரும் மலசலகூடம் கழுவும் அமிலமும் பாத்திக்கு வரக் கூடாது, நுண்ணுயிர் செத்துவிடும். நம் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது, நுரை வராது, அதனால் சவர்க்காரத்தூள் அள்ளி அள்ளிப் போடுகிறோம். அதிலுள்ள சோடியத்தைச் செடி எடுக்காது. அது செம்மண்ணை இறுக்கும். மழைத்தண்ணீரைப் பிடித்துத் தோய்த்தால் பாதித் தூள் போதும்.

வெளியே வரும் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். நன்றாக வளர்ந்த வாழை வெயில் நாளில் 15 முதல் 20 லீற்றர் வரை குடிக்கும். 300 லீற்றருக்கு மூன்று வாழை காணாது என்பது கணக்கிலேயே தெரியும். வாழையோடு தென்னை, கமுகு என்று வரிசையாகப் பிரித்துவிடுங்கள். கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி.

மாரியில் இந்த ஒழுங்கு குழம்பும் இடம் ஒன்று உண்டு. கூரைப் பீலித் தண்ணீர் பாத்திக்குள் விழுந்தால் மூன்று நாள் நிற்க வேண்டிய தண்ணீர் அரைமணித்தியாலத்தில் தள்ளுப்பட்டு, சேர்ந்த அழுக்கோடு வெளியே போகும். பாத்தியின் விளிம்பு நிலத்தைவிட ஆறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கூரைக்குத் தனி வழி வேண்டும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை ஏறத்தாழ 2,360 லீற்றர். ஐப்பசியின் முதல் மழை கூரையிலுள்ள தூசியையும் காகத்தின் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். நாலு அங்குலக் குழாயை நிமிர்த்தி முதல் தண்ணீரைப் பிடிப்பது இந்தக் கூரைக்குப் போதாது, ஒரு மீற்றருக்கு எட்டு லீற்றர்தான் பிடிக்கும். பழைய பீப்பா வையுங்கள், நூறு லீற்றராவது கழியட்டும். அதன்பிறகு வருவதை, நாலு அடிச் சதுரமும் நாலு அடி ஆழமுமான கிடங்குக்குள், கீழே பெருங்கல், நடுவே சல்லி, மேலே ஒரு அடி மணல் போட்டு இறக்குங்கள். வடிகட்டுவது மணல்தான், அதைத் தவிர்த்து நேரே கிணற்றுக்குள் பீலியை விடுவது சரியல்ல. மழை விட்டு இரண்டு நாளுக்குள் கிடங்கு வற்றாவிட்டால் மேல்மணலைச் சுரண்டி மாற்றுங்கள். நாவாந்துறை, குருநகர் போன்ற தாழ்ந்த கரையோரங்களில் கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிடும். அங்கே இந்தக் கிடங்கு பயன் தராது, தொட்டியில் பிடிப்பதுதான் வழி.

மலசலகூடத் தண்ணீருக்குச் சல்லிப் பாத்தி தீர்வல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு ஆள் வருடத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ நைதரசனை வெளியேற்றுகிறார், பெரும்பகுதி சிறுநீரில். அது முழுதும் நைத்திரேற்றாக மாறினால் மூன்றரை லட்சம் லீற்றர் தூய தண்ணீரை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஐந்து பேர் என்றால் பதினேழு லட்சம் லீற்றருக்கு மேல். இரண்டு பரப்பு வளவில் வருடம் 1,200 மில்லிமீற்றர் மழை பெய்தாலும் விழுவது மொத்தம் ஆறு லட்சம் லீற்றர்தான், அதிலும் ஆவியானதும் ஓடியதும் போக ஒரு பங்குதான் கீழே இறங்கும். அடியில்லாத கிடங்கு இருக்கும் ஒழுங்கைகளில் கிணறு ஏன் கெடுகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். கிடங்குக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட்டாலும் வெடிப்புள்ள கல்லில் அது உறுதியான காவல் அல்ல. மாரியில் நீர்மட்டம் கிடங்கின் அடியைத் தொடும்போது இரண்டும் ஒரே தண்ணீர். அடியும் பக்கமும் பூசிய இரண்டறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வருவதை ஆழத்துக்கு விடாமல், கிணற்றுக்கு எதிர்மூலையில் மண் குவித்து உயர்த்திய வாழைமேட்டின் மேல் ஒன்றரை அடிக்குள் பரவவிடுங்கள். தொட்டியைப் புரட்டாதியில், மழைக்கு முன், பவுசரால் இறைப்பியுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டால் கிருமி சாகும், நைத்திரேற்று அப்படியே இருக்கும். கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி அது இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகள் இந்த நைத்திரேற்றை மட்டுமாவது ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள், கோடை முடிவில் ஒருமுறை, மாரி முடிவில் ஒருமுறை.

ஒழுங்கை மட்டத்தில் ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். 2008 நிசா, 2020 புரெவி புயல் வெள்ளங்களின் பின் குளங்களைத் தூர்வாரும் ஆர்வம் கூடியிருக்கிறது, 2021இல் யாழ் நகரிலுள்ள ஆரியகுளமும் புனரமைக்கப்பட்டது. தூர்வாரும்போது கறுப்புச் சேற்றை எடுத்துவிட்டு அதற்குக் கீழுள்ள களியை விட்டுவிட வேண்டும். இயந்திரம் கல் வரை தோண்டினால் குளம் தண்ணீர் பிடிக்காது, அதோடு ஒழுங்கைத் தண்ணீர் வடிபடாமல் நேரே கீழே போகும். வாய்க்கால் குளத்துக்குள் விழும் இடத்தில் ஆறடிச் சதுரத்தில் ஒரு மண்டித்தொட்டியும், அதன் வாயில் பிளாஸ்ரிக்கைப் பிடிக்க இரண்டு அங்குல இடைவெளிக் கம்பிச் சட்டமும் வையுங்கள். கரையை முழுக்கக் கொங்கிறீற்றால் மூடாமல் வெட்டிவேரை அரை அடிக்கு ஒரு தூராக இரண்டு வரிசை நடுங்கள், ஆவணிக் கடைசியில் நட்டுக் கைநீர் ஊற்றினால் மழைக்கு முன் பிடித்துவிடும். ஆகாயத்தாமரையை வழித்தால் கரையில் குவிக்க வேண்டாம். அன்றைக்கே ஏற்றிக் கொண்டுபோய்ச் சாணத்தோடு அடுக்கிவிடுங்கள், இல்லையென்றால் முதல் மழையோடு அது உக்கிக் குளத்துக்கே திரும்பும். கம்பிச் சட்டத்தை மழைநாளில் யார் வழிப்பது என்பதை மழை தொடங்க முன்னர் வீட்டு முறைவைத்து எழுதிக்கொள்ளுங்கள். அடைபட்ட சட்டம் ஒரே இரவில் ஒழுங்கை முழுவதையும் வெள்ளமாக்கிவிடும்.