பொங்கல் வடையும் 42.195 கிலோமீட்டரும்

எனது 43-ஆவது வயதில், இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டிப் பார்த்த மருத்துவர் "தினமும் நடங்கள்" என்றுதான் சொன்னார். அது என் காதில் "ஓடுங்கள்" என்று விழுந்ததற்குக் காரணம், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மாட்டி வைத்திருந்த அரை மாரத்தான் பதக்கம்தான் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

பிப்ரவரி மாதத்தில் ஒரு விடியற்காலையில், மெரினாவின் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, அதாவது ஏறக்குறைய 3 கிலோமீட்டர், ஓடிவிடுவது என்று புறப்பட்டேன். அந்தச் சிலையில் நான்கு பேர் 1959 முதல் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. நானோ 300 மீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, ரப்பர் செருப்பு சப்தத்துடன் என்னைக் கடந்துபோன ஒரு பாட்டியைப் பொறாமையுடன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இறங்கி வந்தேன். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் தொடக்கக்காரருக்கு உகந்தது என்று படித்ததால், துணைக்கு ஆளில்லாத நான் எனக்கு நானே பேசிக்கொண்டு ஓடினேன். எதிரே நடந்து வந்தவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள்.

சிக்கல் ஓட்டத்தில் இல்லை. ஓட்டம் முடிந்தபின் மயிலாப்பூரில் இருந்தது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பது தோராயக் கணக்கு. 82 கிலோ எடையுள்ள நான் 5 கிலோமீட்டர் ஓடிச் செலவழித்த 410 கலோரியை, வாழையிலைத் துண்டில் ஆவி பறக்க வந்து, நடுவே குழித்து நெய் ஊற்றி, முழு மிளகும் முந்திரியுமாக மினுங்கிய பொங்கல் ஒன்றும், சாம்பாரில் பாதி முங்கிய இரண்டு மெதுவடைகளும், காபி வருவதற்குள்ளாகவே நேர்செய்துவிட்டன. ஜூலையில் என்னால் 15 கிலோமீட்டர் ஓட முடிந்தது. எடை 84 ஆகியிருந்தது. "ஓடினது அஞ்சு கிலோமீட்டர்னா சாப்பிடறது பத்துக்கு" என்றாள் மனைவி.

ஓடும்போது பாதம் வீங்கும் என்பதால் காலணி அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை, கட்டைவிரல் நகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிய பிறகே அறிந்தேன். துணி உரசிப் புண்ணாகாமலிருக்க மார்பில் வாசலின் தடவ வேண்டும் என்பதை, வெள்ளைப் பனியனில் தோன்றிய இரண்டு சிவப்புப் பொட்டுகள் சொல்லிக்கொடுத்தன.

ஜனவரியில் நடக்கவிருந்த 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டியிருந்த நான், டிசம்பரில் ஒரு ஞாயிறன்று 32 கிலோமீட்டர் ஓடி முடித்தேன். பயிற்சியில் அதற்குமேல் போக வேண்டாம், கடைசி மூன்று வாரங்கள் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்பது வழக்கம்.

"மீதி பத்து கிலோமீட்டர்?" என்றாள் மனைவி.

"அன்றைக்குத் தானாக வந்துவிடும்."

"எங்கேருந்து?"

ஜனவரியில், விடியுமுன் நேப்பியர் பாலத்தருகே கூட்டத்தோடு கூட்டமாகப் புறப்பட்டவனுக்கு, 33-ஆவது கிலோமீட்டரில் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தீர்ந்துபோகும்; சுவரில் மோதியதுபோல் என்பார்கள். எனக்கு அது சுவராகத் தெரியவில்லை. சாலையோரத்து உணவகம் ஒன்றிலிருந்து வந்த நெய் வாசனையாகத்தான் தெரிந்தது. கையில் காசில்லை. அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், தன்னார்வலராக வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி இரண்டு கடலை மிட்டாய்களை நீட்டி, "அங்கிள், இதைச் சாப்பிட்டுட்டு மெதுவா நடங்க" என்றாள். மருத்துவர் சொன்ன அதே சொல். நடந்தேன். நடந்தும், எப்போதாவது ஓடியும், 5 மணி 48 நிமிடத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டேன்.

மறுநாள் காலையில் மாடிப்படி இறங்க முன்தொடை இடம் தராததால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெரியவர் பதறிப்போய், "என்ன சார், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். பணம் கட்டி, விடியுமுன் எழுந்து, 42.195 கிலோமீட்டர் ஓடியதை அந்தப் படிக்கட்டில் நின்று விளக்கத் தெம்பில்லாமல், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.