மீந்த விருந்தும் மூன்று ட்ரேயும்

பன்னிரண்டு பேருக்கு என்று கணக்குப் போட்டுச் சமைத்தாலும் என் கையில் அது பதினெட்டு பேர் சாப்பாடாகத்தான் வந்து நிற்கும். இந்த விடுமுறை விருந்திலும் அதேதான் நடந்தது. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு மேசையைப் பார்த்தால், ரோஸ்ட் செய்த இரண்டு முழுக்கோழிகளில் ஒன்றைப் பாதிகூடத் தொடவில்லை, பெரிய கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு மசியல், வேகவைத்த கேரட்டும் பீன்ஸும் பட்டாணியும் கலந்து ஒரு தட்டு, ஒரு ஜாடி கிரேவி, யாருமே கை வைக்காத ஒரு பிரெட். ஒவ்வொரு வருடமும் இதையெல்லாம் தனித்தனியாக மைக்ரோவேவில் சூடு பண்ணி மூன்று நாள் முகம் சுளித்துக்கொண்டே சாப்பிடுவோம். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரே ட்ரேயில் அடுக்கி, மேலே சீஸ் போட்டு பேக் செய்துவிடலாம் என்று நினைத்தேன். நினைக்கும்போது ரொம்ப சுலபமாகத்தான் இருந்தது.

அதற்கு முன்னால் அன்றைக்கு இரவு செய்த ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முன்பெல்லாம் நான் அதைத் தப்பாகத்தான் செய்துகொண்டிருந்தேன். சூடாக எதையும் ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்ததால், பாத்திரம் ஆறட்டும் என்று அடுப்பு மேலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதிலும் கிரேவி மாதிரி கெட்டியான பதார்த்தம் பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும்போதுதான், வேகவைத்ததில் சாகாமல் தப்பித்த கிருமிகள் முளைத்துப் பெருகும். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்தால் போயிற்று என்பதும் முழு உண்மை இல்லை, சில கிருமிகள் விட்டுவைக்கும் நச்சு கொதிக்கவைத்தாலும் அசையாது. அதனால் எல்லாவற்றையும் ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி, சூடு கொஞ்சம் அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினேன். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நாலு நாள். அதுதான் எனக்குக் கிடைத்த அவகாசம். கோழி எலும்பை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன், அது எவ்வளவு நல்ல காரியம் என்று அப்போது தெரியாது.

முதல் நாள், முதல் ட்ரே. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கோழியைப் பிய்த்து அடியில் போட்டு, அதன்மேல் காய்கள், அதன்மேல் கிரேவி, அதன்மேல் மசியல், எல்லாவற்றுக்கும் மேலே கை நிறைய சீஸ். ஓவனை 200 டிகிரியில் வைத்து 45 நிமிடம். (ஓவனை ‘அவன்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. நான் அப்படி எழுதினால் அவனை 200 டிகிரியில் வைத்தேன் என்று வந்து தொலைக்கும், அதனால் ஓவன் என்றே இருக்கட்டும்.) வெளியே எடுத்தபோது மேலே சீஸ் கருகி ஓடு மாதிரி இருந்தது, ஓரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, நடுவில் கரண்டியை விட்டால் வெறும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன், 48 டிகிரி. மீந்த சாப்பாட்டைத் திரும்பச் சூடு பண்ணும்போது நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், நான் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தேன், அவ்வளவுதான். சரி என்று மறுபடி உள்ளே வைத்தேன். நடு சூடாகி முடிவதற்குள் கோழி தேங்காய் நார் ஆகிவிட்டது, பீன்ஸ் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது, அடியில் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர்.

தம்பி தட்டைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சூப்பா, சாப்பாடா?" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அது அதைவிட மோசம்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. நான் சமைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் சமைப்பதற்கு எதுவுமே இல்லை, எல்லாம் ஏற்கெனவே வெந்தது. ஓவன் செய்ய வேண்டியது இரண்டே வேலை, உள்ளே சூடாக்குவது, மேலே சிவக்க வைப்பது. அதற்குமேல் ஓவனில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கோழிக்கும் காய்க்கும் நஷ்டம். ஆக, உள்ளே போகும்போதே எல்லாம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கோழி காய்ந்துபோகாமல் அதைச் சுற்றி ஒரு சாஸ் இருக்க வேண்டும். கிரேவி மட்டும் போதாது, அது சூட்டில் இளகித் தண்ணீராக இறங்கிவிடுகிறது, அதில் இருக்கிற உப்போடு சீஸின் உப்பும் சேர்ந்து நாக்கைச் சுருட்டுகிறது.

இரண்டாம் நாள் காலையில் எலும்புகளை ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலு மிளகோடு தண்ணீரில் போட்டு, கொதிக்க விடாமல் சின்னத் தீயில் இரண்டு மணி நேரம் வைத்தேன். உப்பு போடவில்லை. வந்த சாற்றை வடிகட்டியதும் வீடே விருந்து அன்றைக்கு இருந்த மாதிரி மணந்தது.

அப்புறம் வெள்ளை சாஸ். 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, 300 மில்லி பால், 200 மில்லி எலும்புச் சாறு. வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு இரண்டு நிமிடம் நிறம் மாறாமல் வதக்க வேண்டும், இல்லையென்றால் பச்சை மாவு வாடை கடைசிவரை போகாது. இதில் நான் அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் இருந்த பாலை மொத்தமாக ஊற்றினேன், மாவு சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டுவிட்டது. உருண்டையின் வெளிப்பக்க மாவு முதலில் வெந்து தோல் மாதிரி மூடிக்கொள்கிறது, உள்ளே பால் போக வழியில்லை, அதற்குப்பிறகு எவ்வளவு கிண்டினாலும் கை வலிதான் மிச்சம். டீ வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்தித் தேய்த்துச் சமாளித்தேன். முதலில் கால் கப் மட்டும் ஊற்றி அதைப் பசை மாதிரி குழைத்துவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீதியை ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டி நின்று, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் இருக்க வேண்டும், அதுதான் பதம். மீந்த கிரேவியில் அரைக் கப்பையும் இதிலேயே கலந்துவிட்டேன். உப்பு? ருசி பார்த்தேன், போடவில்லை. சீஸ் வேறு வரப்போகிறது.

கோழியைப் பிய்க்காமல் நாரின் குறுக்கே சின்னதாக நறுக்கி, சூடான சாஸிலேயே போட்டு அடுப்பில் ஒரு கொதி வரும்வரை கிளறினேன். நார் குட்டையாக இருந்தால் காய்ந்த கோழியும் வாயில் மெத்தென்று தெரியும். காய்களைத் துணியில் ஒற்றி எடுத்து அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்த்தேன்.

மசியல்தான் சோதித்தது. ஃப்ரிட்ஜில் இருந்தது சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது, வெந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி கெட்டிப்படுவதால் அப்படி ஆகிறதாம். மிக்ஸியில் ஒரு சுற்று விடலாமா என்று கை போனது, நல்லவேளை விடவில்லை, உருளைக்கிழங்கை மிக்ஸியில் அடித்தால் போஸ்டர் ஒட்டுகிற பசைதான் கிடைக்கும். மூன்று ஸ்பூன் சூடான பாலும் கொஞ்சம் வெண்ணெயும் விட்டு, மைக்ரோவேவில் சூடாக்கி, முள்கரண்டியால் மெதுவாகக் கிளறினேன், பழைய மிருது அப்படியே திரும்பி வந்தது.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருக்கும்போது ஒரு போன். இரவு சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதே என்று கண்ணாடி ட்ரேயில் அடுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் ஓவனைச் சூடாக்கினேன், ஃப்ரிட்ஜைத் திறந்தேன், ட்ரேயை எடுத்து நேராக உள்ளே வைத்தேன். பத்து நிமிடத்தில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம்.

ட்ரே மூன்று துண்டு. கண்ணாடியின் வெளிப்பக்கம் சூட்டில் விரிய, உள்பக்கம் குளிர்ந்த சாப்பாட்டோடு ஒட்டி விரியாமல் நிற்க, அந்த இழுபறியில் உடைந்திருக்கிறது. ஓவனில் வைக்கலாம் என்று எழுதியிருக்கும் கண்ணாடிக்கும் இது பொருந்தும், ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூட்டுக்குப் போகக்கூடாது என்று அதோடு வந்த காகிதத்திலேயே போட்டிருந்ததாம், யார் படித்தது. அத்தனை சாஸும், அத்தனை கோழியும், கண்ணாடித் தூளோடு குப்பைக்குப் போனது. மேலே இருப்பதை மட்டும் வழித்து எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நிமிடம் மனசு கேட்டது, வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டது. அன்றைக்கு இரவு பிரெட்டும் முட்டையும்.

மூன்றாம் நாள். மிச்சம் இருந்தது ஒரு தொடையும் கொஞ்சம் மார்புப் பகுதியும், இரண்டு கப் மசியல், ஒரு கைப்பிடி காய், ஒரு கப் எலும்புச் சாறு. சாஸ் பாதி அளவு, இந்த முறை பாலை வெதுவெதுப்பாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், ஒரு உருண்டைகூட இல்லை. கால் ஸ்பூன் கடுகு பேஸ்ட் சேர்த்தேன், வெண்ணெயும் பாலும் சேர்ந்த திகட்டலை அது வெட்டிவிடுகிறது. ட்ரே சின்னது, அலுமினியம், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரம் போகாமல் பரப்பினேன்.

மசியலை மேலே வழவழவென்று தடவாமல் முள்கரண்டியால் உழுத வயல் மாதிரி வரி இழுத்துவிட்டேன், அந்த வரி முகடுகள்தான் முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும். சீஸைக் குறைத்துக்கொண்டேன், அதுவும் கட்டியாக வாங்கியதைத் துருவியது. துருவியே வரும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருப்பதற்காக ஸ்டார்ச் மாதிரி ஏதாவது தூவியிருப்பார்கள், அது அத்தனை இழைந்து உருகுவதில்லை. காய்ந்துபோன பிரெட் இரண்டு துண்டைக் கையாலேயே உதிர்த்து, ஒரு ஸ்பூன் உருகிய வெண்ணெயில் பிசறி மேலே தூவினேன். 180 டிகிரி. (காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 160 போதும்.) ஃபாயில் மூடி 20 நிமிடம், ஃபாயிலை எடுத்துவிட்டு 15 நிமிடம். தெர்மாமீட்டர் 78 காட்டியது.

எடுத்த உடனே வெட்டவில்லை, பத்து நிமிடம் அப்படியே விட்டேன். இது எனக்குப் பெரிய கஷ்டம். ஆனால் கொதிக்கும்போது ஓடுகிற சாஸ் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கெட்டிப்பட்டு, கரண்டி போட்டால் துண்டாக எழுந்து வருகிறது. அடியில் தண்ணீர் இல்லை. பட்டாணி பச்சையாகவே இருந்தது. கோழி எது, சாஸ் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று கலந்திருந்தது.

அம்மா இரண்டாவது தடவை தானாகவே போட்டுக்கொண்டு, "நேத்தே இப்படிப் பண்ணியிருக்கலாமே" என்றாள். நேற்றும் இப்படித்தான் பண்ணினேன் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். தம்பிக்கும் எனக்கும் மூலைத் துண்டுக்காகச் சண்டை. மூன்று பக்கம் மொறுமொறுப்பாக இருப்பது அதுதான், ஒரு ட்ரேக்கு நாலுதான் வரும், அம்மா எங்கள் இருவருக்கும் முன்பே இரண்டை எடுத்துவிட்டிருந்தாள்.

மீதி பிரெட்டைக் கிழித்துப் போட்டு, நாலு முட்டைக்கு அரை லிட்டர் பால் கணக்கில் அடித்து ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு பேக் செய்தால் காலைச் சாப்பாடாகிவிடும். நாளைக்கு அதுதான். சாயங்காலமே அலுமினிய ட்ரேயைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உடைந்த கண்ணாடி ட்ரேயின் பிளாஸ்டிக் மூடி மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வேறு எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தவில்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.