வினாடிக்கு 40 கன அடி

மேலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பெரியாறு வாய்க்கால்தான் ஆறு. மேற்கே ஓடிய தண்ணீரை 1895-இல் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகை வழியாக எங்கள் வயல்களுக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் திறப்பு என்று பேப்பரில் பார்த்ததும் அப்பா விதைநெல்லை ஊறப்போட்டுவிடுவார். அந்தத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, அங்கே என்ன குறைகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படி வளர்ந்த நான், தண்ணீரைப் பறிகொடுத்த ஓர் ஆற்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் இன்யோ கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அதன் நடுவே ஓவன்ஸ் ஆறு. ஆற்றில் இறங்கி ஓட்டத்தை அளப்பது என் வேலை.

இன்யோ கவுண்டி பரப்பில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். மக்கள் சுமார் 19,000 பேர்தான். மேற்கு எல்லையில் 4,400 மீட்டருக்கு மேல் நிற்கும் விட்னி சிகரம். கிழக்கே கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் மரணப் பள்ளத்தாக்கு. அலாஸ்காவை விட்டுவிட்டால் அந்த நாட்டிலேயே மிக உயரமான சிகரம், மிகத் தாழ்ந்த நிலம் இரண்டும் இந்த ஒரே கவுண்டியில். மேகங்களை சியரா நெவாடா மலை தடுத்துவிடுவதால் பள்ளத்தாக்கில் மழை சொற்பம். மலையில் விழும் பனி உருகி வருவதுதான் ஆறு. அது வடக்கே மோனோ கவுண்டியில் பிறந்து தெற்கே வருகிறது, கடலுக்குப் போவதில்லை. ஓவன்ஸ் ஏரியில் முடிந்துவிடும்.

பூர்வகுடிகளான பையூட் மக்கள் இந்தப் பள்ளத்தாக்கைப் பயஹூனாடு என்கிறார்கள். தண்ணீர் ஓடும் நிலம் என்று பொருள். கடைசியில் 'நாடு' என்று காதில் விழுந்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நம் மொழிக்கும் அதற்கும் உறவொன்றும் இல்லை, ஆனாலும் அந்தப் பெயரை அதன்பின் மறக்கவே முடியவில்லை. வெள்ளையர் வருவதற்கு முன்பே இவர்கள் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள்.

1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்த ஆற்றைத் திருப்பியது. 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய், ஒரு பம்பு கூட இல்லை, முழுக்க வாட்டம் பார்த்தே தண்ணீர் போகிறது. பொறியாளனாக அதைப் பார்த்து இன்றும் வியக்கிறேன். ஆனால் கால்வாய்த் தலைப்புக்குக் கீழே சுமார் 100 கிலோமீட்டர் ஆறு ஏறக்குறைய வறண்டது. 1920-களின் நடுவிலேயே ஏரி காணாமல் போனது. 1924 நவம்பரில் ஊர்க்காரர்கள் கால்வாயின் மதகு ஒன்றைக் கைப்பற்றி, தண்ணீரை ஆற்றுக்கே திருப்பிவிட்டு நான்கு நாள் அங்கேயே இருந்தார்கள். வழக்கும் வாய்தாவுமாகப் பல பத்தாண்டுகள் ஓடி, 2006 டிசம்பரில்தான் பழைய தடத்தில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். வினாடிக்கு 40 கன அடி ஓட வேண்டும் என்பது கணக்கு.

கன அடி! அணை நிலவரம் படித்து வளர்ந்தவனுக்கு அந்த ஒரு சொல்லே ஊரைக் கொண்டுவந்துவிட்டது.

மார்பு வரை ரப்பர் உடை போட்டுக்கொண்டு இறங்குவோம். கரைக்குக் கரை டேப்பை இழுத்துக் கட்டி, இருபது இருபத்தைந்து இடங்களில் ஆழமும் வேகமும் எடுக்க வேண்டும். ஆழம் குறைவான இடத்தில் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் வேகம் அளக்கும் மீட்டரை நிறுத்துவோம். ஆழமாக இருந்தால் பத்தில் இரண்டிலும் எட்டிலும் அளந்து சராசரி பார்ப்போம். முதல் கோடையில் கீழ் நிலையத்தில் என் கணக்கு மேலே விட்டதைவிட ரொம்பக் குறைவாக வந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று தடவை அளந்தேன். அதே பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த மூத்த சக ஊழியர் கரையில் நின்றபடி கோரையையும் சம்பையும் காட்டினார். "மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் குடிக்க வேண்டாமா?" என்றார்.

குளிரில் அவை காய்ந்ததும் வித்தியாசம் சுருங்கிவிடும். அதனால் கோடையில் மேலே கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் போன இடத்தில் உயிர் வந்திருக்கிறது என்பதை நான் முதலில் ஒரு பிழையாகத்தான் படித்தேன்.

ஏரி மட்டும் பழையபடி நிரம்பவில்லை. காற்றடித்தால் உப்புப் புழுதி கிளம்பி ஊர்களை மூடும். ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே புழுதி மாசு அதிகம் கிளம்பிய தனி இடம் இதுதான். எடுத்த நகரமே 2001 முதல் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பி அந்தத் தரையை நனைக்கிறது. சில இடங்களில் சரளை பரப்பியிருக்கிறார்கள், செடி வளர்க்கிறார்கள். நனைந்த பகுதிகளில் உள்ளான்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பல நாள் மதியச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு செப்டம்பரில் அப்பா போனில் கூப்பிட்டார். "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுப்பா." பின்னால் சத்தம் கேட்டது. அப்புறம் அவரே கேட்டார்: "ஒங்க ஆத்துல எவ்வளவு போகுது?"

"நாப்பது கன அடிப்பா."

"அவ்வளவுதானா? மிச்சமெல்லாம் எங்க?"

கால்வாயைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நமக்கு வர்றதும் அப்படித்தானப்பா வருது" என்றார்.