கலெக்டரின் பாஸ்போர்ட்

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மதுரை பஸ்ஸில் ஏறினால் அந்த நேரத்துக்குள் துவரங்குறிச்சியைத் தாண்டினாலே அதிகம். அதனால்தானோ என்னவோ, இதை வெளிநாட்டுப் பயணமாகவே மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"நாலரை வயசுப் பிள்ளைக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு? சென்னைக்கு ஃப்ளைட்ல போனப்ப யாராவது கேட்டாங்களா?"

கேட்கவில்லைதான். உள்நாட்டில் அப்பா அம்மாவின் அடையாள அட்டை இருந்தால் போதும். கடல் தாண்டினால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். "எங்க காலத்துல அம்மா பாஸ்போர்ட்லயே பிள்ளை பேரையும் எழுதிடுவாங்க" என்றார். அதெல்லாம் நின்று பல வருஷம் ஆகிறது.

நல்லவேளை, பையனுக்கு மூன்று மாதத்திலேயே எடுத்து வைத்திருந்தோம். அப்போது இவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைப்பதாக இருந்தது. வேலை கிடைக்கவில்லை, பாஸ்போர்ட் கிடைத்தது. அந்தப் போட்டோ எடுத்த கதை தனி. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும். மாமாவின் சலவை வேட்டியை விரித்துப் படுக்கவைத்தால், ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டும்போது விழிப்பான், கேமராவை எடுத்ததும் தூங்கிவிடுவான். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. மை தடவிய விரலைக் காகிதத்தில் வைப்பதற்குள் வாயில் வைத்துவிட்டான்.

சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 வருஷம். எடுத்துப் பார்த்தேன், இன்னும் 9 மாதம் இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால், போன வாரம் அத்தை குண்டைத் தூக்கிப் போட்டார். சமயபுரத்தாளுக்கு மொட்டை பாக்கியாம், கடல் தாண்டுவதற்குள் போட்டே ஆக வேண்டுமாம்.

"அத்தை, போட்டோவில ஏற்கெனவே அவன் ஜாடையே இல்ல. மொட்டையும் அடிச்சா ஆள் யாருன்னே தெரியாது."

"ஆத்தா பாத்துக்குவா."

தலையில் சந்தனம் காய்ந்தும் காயாமலும் இமிக்ரேஷன் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பையனை எட்டிப் பார்த்தார். கவுண்டர் உயரத்துக்குச் சந்தனத் தலை மட்டும்தான் தெரிந்தது. தூக்கிக் காட்டினேன்.

"தம்பி, உன் பேரு என்ன?"

"கலெக்டர்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டில தாத்தா அப்படித்தான் கூப்பிடுவார் சார்" என்று இவர் அவசரமாகச் சொன்னார். செழியன் என்ற பெயரை நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்ததோடு சரி.

"அப்பா பேரு?"

"அப்பா."

எனக்கு வியர்த்துவிட்டது. பிறப்புச் சான்றிதழை எதற்கும் கைப்பையில் வைத்திருந்தேன். தேடினால் பிஸ்கட் பாக்கெட்தான் வருகிறது. அதற்குள் அதிகாரி பாஸ்போர்ட்டை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். போட்டோவில் பெயருக்குக்கூட முடியில்லாத மூன்று மாதத் தலை. எதிரே சமயபுரம் மொட்டை. சிரித்துவிட்டார்.

"அப்படியே இருக்காரே கலெக்டர்!" டக்கென்று முத்திரை விழுந்தது.

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுதவே வேண்டாம்.

கொழும்பிலும் கேட்பார்களே என்று, விமானம் கிளம்பியதிலிருந்து பாடம் நடத்தினேன். "உன் பேரு என்ன? செழியன். சொல்லு, செழியன்." ஒரு மணி நேரமும் அதிலேயே போனது, ஜன்னல் வழியே கடலைக்கூடப் பார்க்கவில்லை. இறங்கியதும் அங்கிருந்த அதிகாரி கேட்டார். பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்:

"செழியன் கலெக்டர்."