மூன்றாவது முறையில் நின்ற சாம்பல் மூட்டம்

ஆறு வாரமாக ஒரே சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு பதினொன்றரைக்கு, பெங்களூரு அல்சூர் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல், எங்கள் ஆட்டத்துக்காக நான் செய்யும் மாதிரி நிலத்தில், சைர் என்ற கற்பனை நாட்டைச் சுற்றி நிற்கும் சாம்பல் மூட்டம் முதல்முறையாக மூட்டம் மாதிரியே நின்றது. அதை எழுதிவைக்காமல் தூங்க முடியவில்லை.

எபெரான் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்று. அதை ஆடுகிறவர்களுக்குக் கதை தெரியும். நூறு வருடப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, அந்த உலகத்து நாட்காட்டியில் 994 ஓலரூன் மாதம் 20 அன்று, ஒரே நாளில் ஒரு நாடு செத்துப்போகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தது தாங்கள்தானோ என்ற பயத்திலேயே மற்ற நாடுகள் 996இல் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிடுகின்றன. இந்த அழிவின் ஆங்கிலப் பெயரான ‘மோர்னிங்’கை (துக்கம்) எங்கள் மேசையில் சொன்னால் காலை வணக்கம் மாதிரி கேட்கிறது. அதனால் நான் அதற்கு ‘இழவு’ என்று பெயர் வைத்தேன். செத்த பூமி ‘இழவு நாடு’. வாயில் வைக்கவே கூசுகிற சொல்தான் இதற்குச் சரி.

மேஜிக் உலகத்தை உடைக்கும் கதைகள் பல இருந்தும் இதையே எடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் பேரழிவுக்கு ஒரு விளிம்பு இருக்கிறது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் அழுகாத பிணங்கள். காயம் தானாக ஆறாத மண். விளிம்பில் நின்று உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஆட்டக்காரர் யோசிக்கலாம். இதே விளையாட்டின் இன்னொரு உலகமான டிராகன்லான்ஸில் இஸ்தார் நகரத்தின் மேல் தீமலை விழுவது எனக்கு ஒட்டவே இல்லை. குருமன்னனின் ஆணவத்துக்கு ஊரே கடலுக்குள் போகிறது, ஆடுகிறவனுக்கு அங்கே நிற்க இடமில்லை. கண்ணகி மதுரையை எரித்தபோதுகூட முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள். எதை எரிக்கவில்லை என்பதில்தான் எனக்கு அந்தத் தீயின் கதையே இருக்கிறது.

சரி, சுவருக்கு வருகிறேன். அட்டை மூன்றடிக்கு இரண்டடி. எக்ஸ்பிஎஸ் (கெட்டியான ஃபோம் பலகை) வெட்டியது, பாறை செதுக்கியது, பெயிண்ட் எல்லாம் வழக்கம்போல்தான். மூட்டம் மட்டும்தான் வம்பு.

முதலில் இலவம்பஞ்சு வைத்தேன். கட்டி கட்டியாக நின்றது, மேகம் மாதிரி அழகாக. அழகு எனக்கு வேண்டாம். இரண்டாவது, ரெக்ரான் பஞ்சு, தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர். சிவாஜிநகர் மெத்தைக் கடையில் கால் கிலோ கேட்டபோது கடைக்காரர், “எதுக்குண்ணா கால் கிலோ? ஒரு தலையணைக்கே பத்தாதே” என்றார். நாடு ஒன்றை மூடவேண்டும் என்றேன், சிரிக்காமல் நிறுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர், நல்ல சரக்கு, நீளமான இழை. ஆனால் சாம்பல் நிறம் ஏற்றுவதில் மாட்டிக்கொண்டேன். பருத்திக்குப் போடும் சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது என்பது தெரியும். அதனால் அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துத் தெளித்தேன். ஈரம் பட்டதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, பாத்திரம் துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வாரம் போச்சு.

மூன்றாவது வழி ஜன்னல் கொசுவலையிலிருந்து வந்தது. வீட்டு வலையை மாற்ற வந்தவர் மிச்சத் துண்டை விட்டுப்போனார். சாம்பல் நிற ஃபைபர் கிளாஸ் வலை, நிறம் ஏற்கெனவே அதுதான். சட்டத்தில் ஒரே அடுக்காக இழுத்துக் கட்டினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒன்றரை அங்குலம் தள்ளி இரண்டாவது அடுக்கு வைத்து, அதை நாலைந்து டிகிரி சாய்த்தேன். இரண்டு வலையின் கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அலை அலையாகக் கோடுகள் தோன்றின. தலையை அசைத்தால் அலையும் அசைகிறது. ஒன்றுமே நகராமல் மூட்டம் நகர்கிறது! சாய்வைக் குறைத்தால் அலை அகலமாகிறது, கூட்டினால் நெருக்கமாகிறது. இந்தச் சாய்வைச் சரிசெய்ய மட்டும் நான்கு ராத்திரி உட்கார்ந்தேன். அப்புறம் முன் வலையில் ரெக்ரானைப் பிய்த்து, சிலந்திவலை அளவுக்கு மெலிதாக இழுத்து ஒட்டினேன். நிறத்துக்குக் கரிய பாஸ்டல் தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினேன். ஈரமே கிடையாது.

ஆனால் நேற்று ஜெயித்தது வெளிச்சத்தில். நாடக மேடையில் மெல்லிய திரைக்கு முன்னால் விளக்கு போட்டால் திரை சுவராகத் தெரியும், பின்னால் போட்டால் திரை காணாமல் போகும். அதே வித்தைதான். வலைக்கு முன்னால் கீழே பாறை வரிசைக்குள் ஒரு எல்இடி பட்டை, பின்னால் சிதைந்த ஊரின் மேல் இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர். எஸ்பி ரோட்டில் 12 வோல்ட் பட்டையும் டிம்மரும் வாங்கினேன். மஞ்சள் வெளிச்சம் எடுக்காதீர்கள், மூட்டம் சாம்பிராணிப் புகை மாதிரி ஆகிவிடும். 6500கே வெள்ளைதான் சரி. பின்பலகைக்குக் கறுப்பு அடித்து, அறையின் டியூப் லைட்டை அணைத்தாக வேண்டும். முன் விளக்கைக் குறைத்துப் பின் விளக்கைக் கூட்டியபோது, சுவருக்குள்ளிருந்து உடைந்த கோபுரம் மெல்ல வந்தது. பக்கத்தில் நின்ற அக்கா மகள், “மாமா, உள்ளே யாரோ நிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். நான் அங்கே யாரையும் வைக்கவில்லை.

காரணத்தைச் சொல்லாமல் விட்டது 2004இல் வந்த முதல் எபெரான் புத்தகத்திலிருந்தே வேண்டுமென்றே செய்தது. எங்கள் மேசையிலும் நான் சொல்லப்போவதில்லை. இதே விளையாட்டின் மற்றொரு உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் நேர்மாறு, எல்லாவற்றுக்கும் தேதியும் ஆளும் உண்டு. அந்த உலகத்துக் கணக்கில் 1358இல் தெய்வங்கள் மண்ணில் இறங்கித் திரிந்ததும், 1385இல் மேஜிக்கையே கொள்ளைநோய் பிடித்ததும், விதிப்புத்தகம் பதிப்பு மாறியதற்குச் சொன்ன சமாதானங்கள். இரண்டாம் பதிப்பில் அசாசின் (கூலிக் கொலையாளி) என்ற பாத்திர வகையை நீக்கினார்கள், அதற்காக அந்த உலகத்து அசாசின்கள் மொத்தமும் சாகவேண்டியதாயிற்று. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் அதே உலகத்தில் கார்சஸ் என்ற மந்திரவாதியின் கதை வேறு. மிதக்கும் நகரங்களைக் காப்பாற்றப்போகிறேன் என்று அவன் 12ஆம் நிலை மந்திரத்தால் மேஜிக்கின் தெய்வத்திடமிருந்து சக்தியைப் பறிக்கிறான், அவனால் தாங்க முடியவில்லை. உலகம் முழுதும் அழியாமலிருக்க அவள் தன்னையே கொடுக்கிறாள், மேஜிக் ஒரு கணம் நிற்கிறது, நெத்தெரில் என்ற அந்தப் பேரரசின் நகரங்கள் விழுகின்றன. அடுத்த அட்டை அதுதான். விழப்போகும் அந்த நொடியில் நகரம் சாய்ந்து நிற்கவேண்டும். அதைத் தாங்க 8 மில்லிமீட்டர் அக்ரிலிக் கம்பி வாங்கிவந்து அலமாரியில் வைத்தாயிற்று. வெளிச்சம் கம்பிக்குள் ஏறி அதைக் காட்டிக்கொடுக்குமோ என்று மட்டும் பார்க்கவேண்டும்.

அதற்கு முன், இழவு நாட்டுக்குள் இருக்கும் கண்ணாடி மேடு பாக்கி. ரெசின் ஊற்றி ஐந்து நாள் ஆகியும் மேலே பிசுபிசுக்கிறது. இந்த மழை ஈரத்தில் ஊற்றியிருக்கக் கூடாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு அது காயாது. அதனால் முதல் நாள் யாரையும் மேட்டுப் பக்கம் போகவிடாமல், எல்லையிலேயே கூடாரம் போடவைக்கிறேன். டிம்மர் என் கையில்தான் இருக்கும்.