ஹம்பிக்கு இரண்டு பகல்: வெயிலையும் டிக்கெட்டையும் பார்த்துப் போட்ட வழி

ஹம்பி போய்வந்தவர்களில் பாதிப்பேர் "ஒரே கல்லும் வெயிலும்" என்பார்கள். பெரும்பாலும் காலை பத்து மணிக்கு ஹோஸ்பேட்டில் ஆட்டோ பேசி, உச்சிவெயிலில் விட்டலர் கோயில் போய், சாயங்காலம் பஸ் ஏறியவர்கள். விஜயநகரத் தலைநகரை ஒரே பகலில் முடிக்கப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். இரண்டு பகல் வேண்டும். எந்த இடத்தை எந்த வேளையில் பார்ப்பது என்பதும் முக்கியம்.

பெங்களூரிலிருந்து இரவு கிளம்பும் ஹம்பி எக்ஸ்பிரஸ் காலையில் ஹோஸ்பேட் சேரும். சென்னையிலிருந்து வருபவர்கள் குந்தக்கல்லில் வண்டி மாறலாம். ஹோஸ்பேட்டிலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பாறைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி, இருட்டிய பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். ஹம்பி ஊருக்குள் அசைவமும் மதுவும் கிடையாது.

வழியை முடிவுசெய்வது டிக்கெட்தான். விட்டலர் கோயில், தாமரை மகால் இருக்கும் அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு 40 ரூபாய். அன்று ஒருநாள்தான் செல்லும். முதல் இடத்தில் காட்டிவிட்டுக் கசக்கிப் போட்டவர்கள் அடுத்த வாசலில் மறுபடி வாங்க வேண்டியதுதான். ஆகவே இந்த மூன்றையும் ஒரே நாளில் வைக்கவேண்டும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாள் வெள்ளியாக இருக்கக்கூடாது. டிக்கெட் தேவைப்படாத இடங்களில் பலவற்றை முதல் நாளுக்குத் தள்ளிவிடலாம்.

முதல் நாள் விரூபாக்ஷரிலிருந்து தொடங்குங்கள். இன்றும் பூஜை நடக்கும் கோயில், நடுப்பகலில் நடை சாத்துவார்கள். செருப்பை வெளியே விடவேண்டும். பத்து மணிக்கு மேல் கல்தளம் காலைச் சுடும், ஒரு ஜோடி காலுறை பையில் இருக்கட்டும். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் அது குரங்குக்குத்தான்.

பலர் தவறவிடுவது கோயிலின் பின்பக்கத்து இருட்டறை. சுவரில் சின்னத் துவாரம் ஒன்று. வெளியே சுமார் 50 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிழக்குக் கோபுரம், அறைக்குள் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். மந்திரம் ஒன்றும் இல்லை. ஒளி நேர்கோட்டில்தான் போகும், அதனால் கோபுர உச்சியின் ஒளி துவாரம் வழியாகக் கீழேயும், அடியின் ஒளி மேலேயும் போய் விழுகிறது. வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் வெறும் சுவர்தான் தெரியும். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது நில்லுங்கள். பின்னால் வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

கோயிலுக்கு எதிரே நீளும் கடைவீதி மண்டபங்களில் 2011 வரை குடும்பங்கள் குடியிருந்தன. அவர்களை வெளியேற்றிய பிறகு வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. சரியா தவறா என்று ஊருக்குள் கேட்டால் இன்றும் வாக்குவாதம் கிளம்பும்.

சாப்பிட்டு வெயில் தாழ்ந்ததும் கிருஷ்ணர் கோயில், நரசிம்மர், படவிலிங்கம். கிருஷ்ணர் கோயில், உதயகிரிக் கோட்டையைப் பிடித்த வெற்றிக்காக கிருஷ்ணதேவராயர் 1513இல் எழுப்பியது. அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹம்பி போகாமலே ஹம்பியின் ஒரு துண்டைப் பார்க்க வழி அதுதான். 1528இல் ஒரே பாறையில் குடைந்த 6.7 மீட்டர் நரசிம்மரை எல்லோரும் உக்கிர நரசிம்மர் என்கிறார்கள். உண்மையில் மடியில் லட்சுமியோடு இருந்தவர். லட்சுமி உடைந்துபோய், அவள் அணைத்த கை மட்டும் அவர் முதுகில் மிச்சம். சூரியன் விழும்போது ஹேமகூட மலை. சரிவுப் பாறை, வயதானவர்களும் ஏறிவிடலாம்.

இரண்டாம் நாள் விடியுமுன் மாதங்க மலை. இரண்டு மூன்று பேராகப் போங்கள், டார்ச் அவசியம். கடைவீதிக் கோடியிலிருந்து ஏறும் தடம் இருட்டில் ஏமாற்றும். கமலாபுரம் சாலைப் பக்கத்துக் கல்படிகள் நல்லது, அரைமணி போதும். உச்சியில் வீரபத்திரர் கோயில். அங்கிருந்து குனிந்து பார்த்தால் அச்சுதராயர் கோயில் வரைபடம் விரித்ததுபோல் கிடக்கும். நன்றாக வெளிச்சம் வந்தபின் அந்தப் பக்கமாகவே இறங்கி, கோயிலைப் பார்த்து, ஆற்றோரமாக விட்டலர் கோயிலுக்கு நடக்கலாம். துங்கபத்திரை ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம். வழியில் ராஜா எடைக்கு எடை பொன் கொடுத்ததாகச் சொல்லும் துலாபாரக் கல்வளைவு. கோயில் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம், கோயிலுக்கு ஓடும் பேட்டரி வண்டிக்கு வரிசையில் நிற்பதும் மிச்சம். ஆட்டோவைக் கடைவீதியில் நிற்கச் சொன்னால் வந்த வழியே திரும்பி நடக்கவேண்டும். பேட்டரி வண்டி கிளம்பும் கெஜ்ஜல மண்டபத்துக்கு வரச் சொல்லுங்கள்.

விட்டலர் கோயில் முற்றத்துக் கல்தேரின் முன் ஒரு புது வரிசை 50 ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், பின்பக்கத்தில் இருப்பது இதேதான். இது கருடன் சன்னதி. ஒரே கல் என்று வழிகாட்டிகள் சொன்னாலும் பல கற்களை அடுக்கியது. இணைப்புகளைச் செதுக்கலுக்குள் மறைத்திருக்கிறார்கள், சக்கரத்தின் பக்கம் குனிந்தால் கண்டுபிடிக்கலாம். முன்னால் நிற்கும் யானைகள் தேருக்கு உரியவை இல்லை. பழைய குதிரைகள் உடைந்த இடத்தில் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தவை, குதிரையின் வால் இன்னும் யானைக்குப் பின்னால் தெரியும். தேருக்கு மேலே செங்கல் விமானமும் இருந்தது, 1856இல் எடுத்த புகைப்படத்தில் பார்க்கலாம். இசைத்தூண்களைத் தட்ட அனுமதி இல்லை, தட்டித்தட்டியே சேதமாக்கிவிட்டார்கள். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இசைத்தூணும் யாளித்தூணும் பார்த்தவர்களுக்கு இங்கே நிற்கும்போது பழகிய கை என்று தோன்றும். நாயக்கர்கள் இந்த அரசின் ஆட்களாகத்தானே நம்மூருக்கு வந்தார்கள்.

உச்சிவெயிலை கமலாபுரம் அருங்காட்சியகத்தில் கழியுங்கள். முற்றத்தில் ஹம்பி முழுவதற்கும் ஒரு மாதிரி அமைத்திருக்கிறார்கள். காலையில் ஏறிய மலையை அதில் தேடிப் பிடித்தால் ஊரின் அமைப்பு சட்டென்று விளங்கும்.

மூன்று மணிக்கு மேல் அரண்மனைப் பகுதி. முதலில் டிக்கெட் உள்ள அந்தப்புர வளாகம்: தாமரை மகால், பதினொரு அறை யானைக் கொட்டில். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஹசாரராமர் கோயில். கருவறைச் சுவரில் ராமாயணம் மூன்று வரிசையாக ஓடுகிறது, வலம் வந்தபடியே படிக்கவேண்டும். இடமாகப் போனால் கதை பின்னோக்கிப் போகும்.

"அரண்மனை எங்கே, வெறும் மேடைதானே" என்ற ஏமாற்றம் இங்கேதான் வரும். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரைச் சூறையாடினார்கள். அரண்மனைகளின் மேல்கட்டு மரம், எரிந்துபோயிற்று. அதிட்டானம் என்கிற அடிமேடை மட்டும் கல், அது நின்றது. மேடைமேல் ஏறி, தூண் நட்ட குழிகளை எண்ணிப் பாருங்கள், மண்டபம் எவ்வளவு பெரிது என்று பிடிபடும். மகாநவமி மேடைக்குப் பக்கத்தில் 1980களில் தோண்டி எடுத்த படிக்குளத்துக்குக் கட்டாயம் போங்கள். கறுப்பு நிறக் கற்களில் எந்தத் திசை, எத்தனையாவது அடுக்கு, எத்தனையாவது கல் என்று சிற்பிகள் போட்ட அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன. வேறெங்கோ செதுக்கி, அடையாளம் பார்த்து இங்கே பொருத்திய குளம். சாய்வெயில் படும்போதுதான் அந்தக் கீறல்கள் தெளிவாகத் தெரியும், நாலரை மணிக்கு அங்கே இருப்பது நல்லது.

மூன்றாவது நாள் கைவசம் இருந்தால் அக்கரையில் ஆனெகுந்தி, அஞ்சனாத்ரி மலை. 575 படி, விடிகாலையில் ஏறுங்கள். மழைக்காலத்தில் அணையைத் திறந்துவிட்டால் படகும் பரிசலும் ஓடாது. மற்ற நாளிலும் இருட்டுமுன் நிறுத்திவிடுவார்கள். போகும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் பாலம் வழியாகச் சுற்றி வருவதற்கு ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை.