கார்க் மரத்தடியில் ஒரு தூக்குச்சட்டி

போர்ச்சுகலின் எவோரா நகரில் நான் தங்கிய வீட்டுக்காரம்மா, கதவைக் காட்டி என் கையில் ஒன்றைத் திணித்துவிட்டுச் சொன்ன சொல் ‘ஷாவ்’. பார்த்தால் சாவி. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியர் நம் வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போன சொற்கள்தாம். ஆனால் அவர்கள் வீட்டில் மூலைக்கு மூலை கிடக்கிற ஒரு பொருள் மட்டும் நம்மிடம் சரியாக வந்து சேரவில்லை. கார்க். நான் வளர்ந்த வீட்டில் அது ஏதோ ஒரு மருந்து பாட்டிலின் மூடி. வெளியே போனால் ஷட்டிலின் அடிப்பகுதி. அப்புறம் தெரு கிரிக்கெட்டில் முழங்காலைப் பதம் பார்த்த கார்க் பால். அவ்வளவுதான்.

அது 2023 ஜூலை. லிஸ்பனில் வேலை முடிந்து இரண்டு நாள் கையில் இருந்தது. பேருந்தில் ஒன்றரை மணி நேரம், அலென்தேஜுப் பகுதியின் எவோரா. கார்க் என்பது ஒரு மரத்தின் பட்டை. அதை உரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில்தான் போக வேண்டும். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் பட்டை மரத்தை விட்டுக் கழன்று வரும். மற்ற மாதங்களில் இழுத்தால் மரத்துக்குக் காயம்.

காலை ஆறரைக்கே வழிகாட்டிப் பெண் ஜீப்போடு வந்துவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார்களாம். அஸாருஷா என்ற ஊர்ப்பக்கம் மண்சாலையில் இறங்கினோம். காடு என்றால் நம் மனதில் வருகிற அடர்த்தி இல்லை. தள்ளித் தள்ளி நிற்கிற மரங்கள், நடுவே காய்ந்த புல், அதில் கருப்புப் பன்றிகள். இலையுதிர் காலத்தில் மரம் கொட்டுகிற கொட்டைகளை இவைதான் தின்று கொழுக்கும். பட்டை மனிதனுக்கு, கொட்டை பன்றிக்கு, நிழல் மாட்டுக்கு. இந்த மாதிரி நிலத்துக்கு ‘மொந்தாது’ என்று பெயர்.

ஒரு மரத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். கையில் கோடரி மட்டும். மேலிருந்து கீழாக ஒரு வெட்டு. உடனே கோடரியை லேசாகத் திருகுகிறார்கள். அந்தத் திருகலில்தான் பட்டை விடுகிறதா என்று தெரியும். பிறகு உச்சியில் குறுக்கே ஒரு வெட்டு. கோடரிப் பிடியின் நுனி ஆப்பு மாதிரி சீவப்பட்டிருக்கிறது. அதை உள்ளே விட்டு நெம்பினால், பழைய துணி கிழிகிற மாதிரி நீளமாக ஒரு சத்தத்தோடு ஆள் உயரப் பட்டை அப்படியே கழன்று வருகிறது. கூரை ஓடு போல வளைவாக இருந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன், எடையே இல்லை.

கோடரி கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் உயிர்ப் பட்டை காயப்படும். அந்த இடத்தில் அப்புறம் கார்க் ஒழுங்காக வளராது. அதனால் இது புது ஆட்களிடம் கொடுக்கிற வேலை இல்லை; விவசாயக் கூலிகளிலேயே நல்ல சம்பளம் இதற்குத்தான் என்றாள் அந்தப் பெண். உரித்த மரத்தைத் தொட்டேன். ஈரம், குளிர்ச்சி, வெளிர் மஞ்சளில் லேசான ரோஜா நிறம். சில நாளில் இது செங்கல் சிவப்பாகிவிடும். ஒருவர் டப்பாவில் வெள்ளைப் பெயிண்ட் கொண்டுவந்து மரத்தில் பெரிதாக ‘3’ என்று எழுதினார். 2023-இன் கடைசி எண். அடுத்து இந்த மரத்தில் கோடரி படுவது 2032-இல். ஒன்பது ஆண்டுக்குள் மறுபடி உரிப்பது சட்டப்படி குற்றம். நாலு மரம் தள்ளி ‘9’ என்றிருந்தது. 2019-இல் உரித்தது, 2028 வரை அதற்கு ஓய்வு.

கன்று நட்டு முதல் உரிப்புக்கே இருபத்தைந்து ஆண்டு. அந்த முதல் பட்டை கரடுமுரடு, பாட்டில் மூடிக்கு ஆகாது. ஒன்பது ஆண்டு கழித்து வருகிற இரண்டாவதும் ஆகாது. மூன்றாவதில்தான் நல்ல காசு. கூட்டிப் பாருங்கள், நாற்பத்து மூன்று! நட்டவருக்கு அதற்குள் பேரன் பிறந்திருப்பான். அதன் பிறகு மரம் நூற்றைம்பது, இருநூறு வயது வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். சொந்த நிலத்தில் நிற்கிற மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 2011-இல் இதைத் தேசிய மரமாகவே அறிவித்துவிட்டார்கள். உலகத்துக் கார்க்கில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்ன நாட்டிலிருந்துதான் போகிறது.

“உங்கள் ஊரில் கார்க் மரம் உண்டா?” என்று கேட்டாள். நம் மரமல்லிக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியன் கார்க் மரம்’ என்று பெயர், ஆனால் அதன் பட்டை இதற்கு உறைபோடக் காணாது என்றேன். பூ வாசனையில் மட்டும் எங்கள் மரம் ஜெயிக்கும் என்று சேர்த்துக்கொண்டேன்.

பத்து மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. மற்றவர்கள் பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்க, வயதான ஒருவர் மட்டும் கார்க்கில் செய்த ஒரு தூக்குச்சட்டியைத் திறந்தார். வட்டமான உடல், இறுக்கமான மூடி, மேலே வளைந்த கைப்பிடி. நம் தூக்குவாளியேதான். பெயர் ‘தர்ரு’. விடியற்காலையில் வீட்டம்மா கட்டிக்கொடுத்த பன்றிக்கறிக் குழம்பில் இன்னும் சூடு இருந்தது. அந்தக் காலத்து ஆடு மேய்ப்பவர்களும் வயல் கூலிகளும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போவார்களாம். பக்கத்தில் கார்க்கிலேயே செய்த அகப்பை போன்ற ஒரு குவளை, ‘கோஷு’. அதில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். உதட்டில் பட்டபோது உலோகக் குளிர்ச்சியும் இல்லை, பிளாஸ்டிக் வாடையும் இல்லை.

சூட்டை இது இப்படிப் பிடித்துவைப்பதற்குக் காரணம் காற்று. 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கார்க் சீவலைப் பார்த்து, தேன்கூடு மாதிரி தெரிந்த அறைகளுக்கு ‘செல்’ என்று பெயர் வைத்தார். பள்ளியில் படித்த அதே கதைதான். அத்தனை அறையும் மூடிய காற்றறை. அறைச் சுவரில் மெழுகு போன்ற ‘சூபரின்’ இருப்பதால் தண்ணீரும் சுலபத்தில் ஏறாது.

மதியம் போன பட்டறையில் என் பழைய சந்தேகம் ஒன்று தீர்ந்தது. பட்டையை வெந்நீரில் ஒரு மணி நேரம் அவித்து, தட்டையாக்கி, வரிசையாக மூடிகளைக் குத்தி எடுக்கிறார்கள். மிச்சம், ஓட்டை ஓட்டையாகப் பணியாரக் கல் மாதிரி நிற்கிறது. அதை அரைத்துப் பசை சேர்த்து அழுத்தினால் தரை ஓடு, அறிவிப்புப் பலகை, பாத்திரம் இறக்கிவைக்கும் வட்டு. நான் ஊரில் ஆன்லைனில் வாங்கிய வட்டு இரண்டே மாதத்தில் தொட்டித் தண்ணீரில் ஊறி ரவை ரவையாக உதிர்ந்ததே, தப்பு கார்க்கின் மேல் இல்லை, பசையின் மேல். சூடு தடுக்கச் சுவரில் பதிக்கிற கருப்பு நிறக் கார்க் பலகைக்கோ பசையே வேண்டாம். நீராவியில் சூடாக்கினால் தன் பிசினிலேயே தான் ஒட்டிக்கொள்ளும்.

எவோராக் கடைத்தெருவில் கார்க் கைப்பை, குடை, செருப்பு, கழுத்து டை வரைக்கும் தொங்குகிறது. அழகுதான். ஆனால் பையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்: மெல்லிய சீவலைத் துணியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். முழுக்க இயற்கை என்று எழுதி விற்பது கொஞ்சம் அதிகம். எனக்கு அந்தத் தர்ருதான் கண்ணிலேயே நின்றது. ஒரு கைவினைக் கடையில் தேடிப் பிடித்தேன். மூட்டுகளில் ஆணி இல்லை, மரக்குச்சிதான் அடித்திருந்தது. விலை கையைக் கடித்தது.

மறுநாள் விமானத்துக்கு முன் சின்ட்ரா மலையில் கபூஷுஸ் மடத்துக்கு ஓடினேன். 1560-இல் கட்டியது. குனிந்து நுழைகிற குட்டி அறைகள், ஈரத்துக்கும் குளிருக்கும் கதவுகளிலும் கூரையிலும் கார்க் பட்டை அறைந்திருக்கிறார்கள். அங்கிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுத் தர்ருவைக் காட்டினேன்.

“என்னடா இது, தூக்குச்சட்டிய மரத்துல செஞ்சிருக்கான்? தேய்க்க வருமா?”

“தேய்க்காதம்மா, துடச்சாப் போதும்.”

“அப்ப குழம்பு ஊத்த முடியாது” என்று அங்கேயே தீர்ப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் கொஞ்ச நாள் அதில் எலுமிச்சம்பழம் கிடந்தது. மார்கழி வந்தது. பால் உறையவில்லை என்று ஒருநாள் புலம்பிக்கொண்டிருந்தவள், உறை ஊற்றிய சின்ன எவர்சில்வர் டப்பாவை அதற்குள் இறக்கி மூடிவைத்தாள். காலையில் தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.